சித்ராதேவி கேட்ட கட்டுரை

"மேடம், உப்பைப் பத்தி ஏதாவது புத்தகம் இருக்கா?"

2007, பிப்ரவரி மாதத்து மத்தியானம் ஒன்று. நூலகத்தில் மின்விசிறி சுற்றும் சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை. பிரிசில்லா நிமிர்ந்து பார்த்தாள். மேசைக்கு எதிரே நின்ற பெண்ணின் கண்கள் தடித்துச் சிவந்திருந்தன. அழுதுவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு, நேராக இங்கே வந்திருக்கிறாள் என்பது பார்த்ததுமே தெரிந்தது.

"இருக்குது கண்ணு, வா" என்று எழுந்து, சுதந்திரப் போராட்ட வரலாறு அடுக்கியிருந்த அலமாரிப் பக்கம் கூட்டிக்கொண்டு போனாள் பிரிசில்லா.

"அந்த உப்பு இல்ல மேடம். நான் எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி." சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பெண்ணுக்கு மறுபடியும் அழுகை வந்துவிட்டது.

பிரிசில்லா தாராபுரத்துக்காரி. நூலக அறிவியல் படித்துவிட்டு, திருப்பூரில் வாக்கப்பட்டு, இந்தக் கல்லூரியில் நூலகராகச் சேர்ந்து ஒரு பருவம்தான் முடிந்திருந்தது. சேர்ந்த அன்றைக்கு முதல்வர் சொன்னது இவ்வளவுதான்: "பெரிசா ஒண்ணுமில்லீங்க மேடம். போன புத்தகம் திரும்பி வரோணும். அதைப் பாத்துக்குங்க போதும்." அவளும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் பாடப்புத்தகம் எடுக்க வந்தார்கள், வெயிலுக்கு ஒதுங்க வந்தார்கள், செய்தித்தாளில் வேலைவாய்ப்புப் பக்கத்தை மட்டும் புரட்டிவிட்டுப் போனார்கள். பதில் தெரியாத ஒரு கேள்வியைத் தூக்கிக்கொண்டு யாரும் வந்ததில்லை. இத்தனை படித்துவிட்டுச் சாவிக் கொத்தைக் காவல் காக்கிறோமே என்று சில நாள் அவளுக்கே தோன்றும்.

உள்ளே உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து விசாரித்தாள்.

பெண்ணின் பெயர் சித்ராதேவி. விருதுநகர்ப் பக்கமிருந்து பிழைக்க வந்த குடும்பம். அப்பா மூக்கையா பனியன் கம்பெனியில் அயர்ன் மாஸ்டர், அம்மா ராமுத்தாய்க்கு இன்னொரு கம்பெனியில், தைத்த துணியில் குறை பார்க்கும் செக்கிங் வேலை. வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் இவள்தான். கடைசிப் பருவத்தில் செய்யவேண்டிய ஆய்வுக்கு, சாயப்பட்டறைக் கழிவுநீரில் இருக்கும் சிவப்புச் சாயத்தைக் கரியைக் கொண்டு உறிஞ்சி எடுக்கிற வேலையை எடுத்திருந்தாள். கொட்டாங்குச்சியைச் சுட்டு, அமிலத்தில் ஊறவைத்து, கழுவிக் காயவைத்துத் தூளாக்கிய கரி. வெறும் தண்ணீரில் சாயத்தைக் கலந்து இந்தக் கரியைப் போட்டால் கொஞ்சம் உறிஞ்சியது. ஆனால் பட்டறைத் தண்ணீரில் வெறும் சாயம் மட்டுமா இருக்கிறது? மூட்டை மூட்டையாக உப்பும் கலந்துதானே வருகிறது. அதனால் உப்பையும் சேர்த்துப் பார்த்தாள். உப்பு ஏற ஏறக் கரி இன்னும் அதிகமாகச் சாயத்தை இழுத்தது.

"சாருட்ட காட்டுனேன் மேடம். இது நடக்காதுன்னுட்டாரு."

வழிகாட்டிப் பேராசிரியர் மயில்சாமி. கரியில் சாயம் ஒட்டுவதைப் பற்றியே முனைவர் பட்டம் வாங்கியவர். கரியின் மேல் சாயம் உட்காரவேண்டிய இடத்தை உப்பு பிடித்துக்கொள்ளும், ஆகவே உப்பு கூடினால் சாயம் ஒட்டுவது குறையத்தான் வேண்டும் என்பது அவர் வாதம். சாயம் போடும்போது துணியில் நிறம் ஏறுவதற்கே உப்புதானே போடுகிறார்கள் என்று இவள் கேட்டதற்கு, துணி வேறு, கரி வேறு என்று சொல்லிவிட்டார்.

"அதோட விட்டிருந்தாப் பரவால்ல மேடம். எல்லாரும் இருக்கும்போது, 'இந்த ரீடிங் எல்லாம் மெஷின்ல வந்துதா, இல்ல நீயா எழுதுனதா?'ன்னு கேட்டுட்டாரு." கைக்குட்டையை முறுக்கினாள் சித்ராதேவி. "நான் திரும்பத் திரும்பச் செஞ்சு பாத்தேன் மேடம். அப்படித்தான் வருது. இதுக்கு முன்னாடி யாராச்சும் இப்படிப் பாத்திருந்தா அந்தப் பேப்பரைக் கொண்டான்னு சொல்லிருக்காரு. இல்லாட்டி அந்த அத்தியாயத்தையே எடுத்துரணுமாம். அதை எடுத்துட்டா என் புராஜெக்ட்ல என்ன மேடம் இருக்கு?"

பிரிசில்லாவுக்கு வேதியியல் பத்தாம் வகுப்போடு சரி. ஆனாலும் "தேடிப் பாக்கலாம் கண்ணு" என்று வாயிலிருந்து வந்துவிட்டது. சொன்ன பிறகுதான் யோசனை வந்தது. எங்கே போய்த் தேடுவது?

நூலகத்தில் வேதியியலுக்கு இருந்ததெல்லாம் பாடப்புத்தகங்கள். ஒரே புத்தகத்தில் பல பிரதிகள். ஆய்விதழ் என்று பார்த்தால் இரண்டோ மூன்றோ வந்துகொண்டிருந்து, யாரும் படிக்கவில்லை என்று நிறுத்தியாயிற்று. ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. இணைய இணைப்பும் அந்த வருடம்தான் வந்திருந்தது. மேலே போட்டிருந்த பூப்போட்ட உறையைக் கழற்றி அதை உயிர்ப்பித்தாள்.

சாயம், கரி, உப்பு என்று ஆங்கிலத்தில் அடித்ததும் ஆயிரக்கணக்கில் வந்து கொட்டியது. சமையல் உப்பு, குளியல் உப்பு, தலைச்சாயம், கரி அடுப்பு. சித்ராதேவி பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். சாயங்காலம் மணியடிக்கும்வரை தேடியும் ஒன்றும் தேறவில்லை.

மறுநாளும் அதே கதை. பிரிசில்லா நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு யோசித்தாள். படிக்கிற காலத்தில் ஒரு பாடம் முழுக்க இதைத்தான் சொல்லிக்கொடுத்தார்கள்: தேடுகிறவன் சொல்லும் வார்த்தை ஒன்று, எழுதுகிறவன் வைக்கும் வார்த்தை இன்னொன்று. பரீட்சைக்கு எழுதியதோடு அதை மறந்துபோயிருந்தாள்.

"ஏங் கண்ணு, உங்க கெமிஸ்ட்ரியில உப்பைப் பெரிய மனுசங்க உப்புன்னேதான் எழுதுவாங்களா? வேற பேரு எதாச்சும் இருக்குதா?"

சித்ராதேவி கொஞ்சம் விழித்தாள். பிறகு முகம் மாறியது. "தண்ணில எவ்வளவு உப்பு கரைஞ்சிருக்குன்னு சொல்றதுக்கு அயானிக் ஸ்ட்ரெங்த்னு சொல்லுவோம் மேடம்."

"ஒட்டுறதுக்கு?"

"அட்சார்ப்ஷன்."

"இதையெல்லாம் நேத்தே சொல்லியிருக்கலாமல்ல!"

"நீங்க கேக்கலையே மேடம்!"

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்த வார்த்தைகளைப் போட்டதும் ஆயிரங்கள் வடிந்து ஒரு பக்கத்துக்குள் அடங்கின. அதில் ஒரு தலைப்பைப் பார்த்ததும் சித்ராதேவி எழுந்தே நின்றுவிட்டாள். தேங்காய் ஓட்டுக் கரி, ஜவுளிச் சாயம், அயானிக் ஸ்ட்ரெங்த். இவளுடைய ஆய்வேதான். துருக்கி நாட்டில் யாரோ செய்தது. பிரிசில்லா சொடுக்கினாள். சுருக்கம் மட்டும் திறந்தது. 'உப்பின் அளவு சாயம் ஒட்டுவதை எப்படிப் பாதிக்கிறது என்றும் ஆராயப்பட்டது' என்று முடித்திருந்தார்கள். கூடியதா குறைந்ததா என்று ஒரு வார்த்தை இல்லை. முழுக் கட்டுரை வேண்டுமென்றால் சந்தா கட்டியிருக்க வேண்டும்.

கட்டுரை எழுதியவருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதிப் போட்டார்கள். அந்த முகவரியில் அப்படி யாரும் இல்லை என்று போன வேகத்தில் திரும்பி வந்தது.

"ஆய்வேட்டைப் பைண்டிங் போட நாள் நெருங்குது மேடம்," என்றாள் சித்ராதேவி.

இந்த இதழுக்கெல்லாம் பெரிய பல்கலைக்கழக நூலகங்களில் சந்தா இருக்கும் என்பது பிரிசில்லாவுக்குத் தெரியும். கோயமுத்தூரில் அப்படி ஒன்று இருந்தது. வெளியாட்கள் போக முதல்வரிடமிருந்து ஒரு கடிதம் வேண்டும். முதல்வர் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "ஏனுங்க மேடம், ஒரே ஒரு பேப்பருக்காகவா கோயமுத்தூர் வரைக்கும் போறீங்க?"

"ஆமாங்க சார். இந்தப் புள்ளைக்கு அது வேணுமுங்க."

அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

சனிக்கிழமை காலை இருவரும் பேருந்து ஏறினார்கள். உட்கார இடம் கிடைத்தது. சித்ராதேவி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கடந்துபோகும் சாயப்பட்டறைப் புகைபோக்கிகளைப் பார்த்துக்கொண்டே வந்தாள். அவினாசி தாண்டியதும்தான் கேட்டாள்.

"மேடம், அதுல குறையுதுன்னு போட்டிருந்தா?"

பிரிசில்லா அதை யோசித்தே இருக்கவில்லை. "போய்ப் பாப்போம் கண்ணு" என்று மட்டும் சொன்னாள்.

பல்கலைக்கழக நூலகம் மூன்று மாடி. வரவேற்பில் இருந்தவர் கடிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, மறுபேச்சில்லாமல் கம்ப்யூட்டர் அறையைக் காட்டினார். தங்கள் ஊரில் பூட்டிக்கிடந்த கட்டுரை அங்கே ஒரு சொடுக்கில் திறந்துகொண்டது. பிரிசில்லா திரையை ஒருக்களித்துத் திருப்பி வைத்தாள். சித்ராதேவி கடகடவென்று பக்கங்களைத் தள்ளி, வரைபடம் இருந்த இடத்தில் நின்றாள்.

கோடு மேலிருந்து கீழே இறங்கியது. உப்பு கூடக் கூடச் சாயம் ஒட்டுவது குறைகிறது. மயில்சாமி சார் சொன்னது அப்படியே இருந்தது.

சித்ராதேவி நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினாள். பிறகு மெதுவாக, "போலாம் மேடம்," என்றாள். "நான்தான் எங்கயோ தப்புப் பண்ணிருக்கேன். சாரு சொன்னது சரிதான்."

பிரிசில்லாவுக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. பேசாமல் இருந்திருந்தால் இந்தப் பெண் அந்த அத்தியாயத்தை எடுத்துவிட்டு, மனதுக்குள் 'நான் செஞ்சது சரி' என்கிற எண்ணத்தையாவது வைத்துக்கொண்டிருப்பாள். தேடித் தருகிறேன் என்று கூட்டிவந்து, அதையும் பிடுங்கிக்கொண்டது போல் இருந்தது. வந்ததற்கு ஒரு பிரதியாவது எடுத்துக்கொண்டு போவோம் என்று அச்சுக்குக் கொடுத்தாள். தாள்கள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன.

கட்டுரையின் உள்ளே இருப்பது அவளுக்குப் புரியாது. ஆனால் பின்னால் இருப்பது புரியும். கடைசிப் பக்கத்தில், முன்னால் யார் யார் என்னென்ன எழுதினார்கள் என்கிற மேற்கோள் பட்டியல். கை சும்மா இருக்காமல் அதை ஓட்டிக்கொண்டே வந்தவள் ஓர் இடத்தில் நின்றாள். தலைப்பில் 'ரியாக்டிவ்' என்று இருந்தது. அந்த வார்த்தையைச் சித்ராதேவி வாயிலிருந்து பல தடவை கேட்டிருந்தாள்.

"ஏங் கண்ணு, உன்ற சாயம் ரியாக்டிவ் சாயம்தானே?"

"ஆமா மேடம். திருப்பூர்ல பூராம் அதான்."

"இந்தத் துருக்கிக்காரர் எடுத்த சாயமும் அதுதானா?"

சித்ராதேவி தாள்களை வாங்கி முதலிலிருந்து படித்தாள். தலைப்பிலும் சுருக்கத்திலும் வெறுமனே 'ஜவுளிச் சாயம்' என்றுதான் இருந்தது. இரண்டாம் பக்கத்தில், என்னென்ன பொருள்களைக் கொண்டு செய்தார்கள் என்று சொல்லும் பகுதிக்கு வந்ததும் அவள் விரல் நின்றுவிட்டது.

"இது பேசிக் டை மேடம்!" அந்த அமைதியான அறையில் அவள் குரல் எகிறியதும் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "இதுக்கு பிளஸ் சார்ஜ். என்னோடதுக்கு மைனஸ். ரெண்டும் வேற வேற மேடம். ரெண்டும் ஒரே மாதிரி நடந்துக்கணும்னு இல்லவே இல்ல."

"அப்ப அந்த ரியாக்டிவ் பேப்பரைப் புடிச்சாகோணும்."

அது நம் நாட்டு இதழ் ஒன்றில், சில வருடங்களுக்கு முன்னால் வந்தது. கம்ப்யூட்டரில் இல்லை. கட்டி வைத்த பழைய தொகுப்புகள் கீழ்த்தளத்தில் இருந்தன. படியிறங்கி ஓடாத குறையாகப் போனார்கள். இதழ் இருந்தது, வரிசையாக வருடங்களும் இருந்தன. வேண்டிய வருடம் இருக்கவேண்டிய இடத்தில் மட்டும் பல் விழுந்தாற்போல் ஒரு சந்து.

சித்ராதேவி அந்த இடைவெளியையே பார்த்துக்கொண்டு நின்றாள். "என் நேரம் மேடம்."

"இரு கண்ணு." பிரிசில்லாவுக்கு இது பழகின இடம். எடுத்த புத்தகத்தை எடுத்த இடத்தில் வைக்கிற வழக்கம் எந்த ஊரிலும் கிடையாது. அக்கம்பக்கத்து வரிசைகளைத் தடவினாள். மேசைகளின்மேல் பார்த்தாள். நகலெடுக்கும் மெஷின் பக்கம் போனாள். அங்கே, திரும்ப அடுக்குவதற்காகத் தள்ளுவண்டியில் குவித்து வைத்திருந்ததில், அடியிலிருந்து இரண்டாவதாகக் கிடந்தது அந்தச் சிவப்பு அட்டைத் தொகுப்பு. மேலே இருந்ததையெல்லாம் இறக்கி வைத்துவிட்டு அதை உருவியபோது முந்தானையெல்லாம் தூசி.

பக்கத்தைத் தேடிப் பிரித்தது சித்ராதேவிதான். வரைபடம் வலதுபக்கம் கீழே இருந்தது. கோடு இடமிருந்து வலமாக மேலே ஏறியது. ஏறிக்கொண்டே போனது.

"கூடுது மேடம்," என்றாள். "கூடுது. கூடுது."

இப்போதும் அழுதாள். ஆனால் இது அன்றைக்கு மாதிரி இல்லை. சிரித்துக்கொண்டே, மூக்கை உறிஞ்சிக்கொண்டே, அலமாரியில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிரிசில்லாவும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எதுக்குக் கூடுதுன்னு போட்டிருக்காங்களா?"

சித்ராதேவி படித்துச் சொன்னாள். இந்தச் சாயத்துக்கும் மைனஸ், கரிக்கும் மைனஸ். ஒன்றையொன்று பக்கத்தில் சேர்க்காது. உப்பு வந்ததும், சண்டைக்காரர்கள் இரண்டு பேருக்கு நடுவில் ஆள் போய் நின்றாற்போல, அந்த முறைப்பு அடங்கிவிடுகிறது. அப்புறம் சாயம் நிம்மதியாகக் கரியில் போய் ஒட்டிக்கொள்கிறது.

"இவ்வளவுதானா?" என்றாள் பிரிசில்லா.

"இவ்வளவுதான் மேடம்!"

அதையும் நகலெடுத்து, இரண்டு கட்டுரைகளோடும் வெளியே வந்தார்கள். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது வெளிக்காற்று பட்டதும்தான் இருவருக்கும் நினைவு வந்தது. கேன்டீனில் தக்காளி சாதம் ஆறிப்போயிருந்தது. ஆளுக்கு இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்கள். திரும்பும் வழியெல்லாம் சித்ராதேவி பேசிக்கொண்டே வந்தாள். தம்பியைப் பற்றி, லேபில் உடைத்த குடுவைகளைப் பற்றி, கொட்டாங்குச்சி சுட்ட புகையில் அக்கம்பக்கத்தார் போட்ட சண்டையைப் பற்றி.

திங்கட்கிழமை மயில்சாமியைப் பார்க்கப் போகும்போது, "நீங்களும் வாங்க மேடம்" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். பிரிசில்லாவும் போனாள். மயில்சாமி இரண்டு கட்டுரைகளையும் வாங்கி மேசைமேல் அருகருகே வைத்தார். முதலில் இறங்கும் கோட்டைப் பார்த்துத் தலையாட்டினார். ஏறும் கோட்டுக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். பியூன் கொண்டுவந்து வைத்த டீ ஆடை கட்டியது. நின்றுகொண்டிருந்த சித்ராதேவி துப்பட்டா நுனியைப் பிய்த்தெடுத்துவிடுவாள் போலிருந்தது.

"என்ற ஆராய்ச்சி பூராவும் நான் மெத்திலீன் புளூங்கற சாயத்துலதான் பண்ணேனுங்க," என்றார் கடைசியில், பிரிசில்லாவைப் பார்த்து. "அதுவும் பிளஸ் சார்ஜ்தான். அத்தனை வருசம் கோடு எறங்குறதையே பாத்த கண்ணு. ஏறும்னு நெனைக்கவே தோணலீங்க." பிறகு சித்ராதேவி பக்கம் திரும்பினார். "உக்காரு சாமி. நீ எழுதுனது சரி. ஒரு புள்ளியைக்கூட மாத்தாத. இந்த ரெண்டு பேப்பரையும் போட்டு, ஏன் ஒண்ணு எறங்குது ஒண்ணு ஏறுதுன்னு விளக்கமா எழுது."

"சரிங்க சார்."

"அன்னைக்கு எல்லாரும் இருக்கையில நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது." அதைச் சொல்ல அவருக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் சொன்னார். சொன்னபின் நாற்காலியில் சாய்ந்து ஒரு பெருமூச்சு விட்டார். "இத்தனை நாளா எனக்கும் தூக்கமில்ல போ. வைவா தேர்வுக்கு வெளியிலிருந்து வாரவரு உன்ற கோட்டைக் காட்டிக் கேட்டா, உனக்கு நான் என்னன்னு பரிஞ்சு பேசுறதுன்னு இருந்தேன். இனி வந்து கேக்கட்டும்."

அன்றைக்குப் பிற்பகல் சித்ராதேவி நூலகத்துக்கு வந்து, ஜன்னலோர மேசையில் இரண்டு கட்டுரைகளையும் விரித்து வைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்தாள். இடையில் பிரிசில்லா எட்டிப் பார்த்தபோது பேனா கையிலேயே இருக்க, தலையை மேசைமேல் சாய்த்து ஆழ்ந்த தூக்கத்தில் இருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. எத்தனை நாள் தூக்கம் பாக்கியோ.

சத்தமாகப் பேசிக்கொண்டு உள்ளே நுழைந்த பையன்கள் இருவரைப் பிரிசில்லா உதட்டில் விரலை வைத்து அடக்கினாள். அவர்கள் மேசைக்குப் பக்கத்தில் வந்து, குரலை இறக்கி, "மேடம், நாங்க பிசிக்ஸ்ங்க. சோலார் செல் பத்தி ஒரு பேப்பர் தேடோணுமுங்க. சித்ரா அக்காதான் உங்களைக் கேக்கச் சொன்னாங்க" என்றார்கள்.

"உக்காருங்க," என்று கிசுகிசுத்தாள் பிரிசில்லா, கம்ப்யூட்டர் பக்கம் நாற்காலியை நகர்த்திக்கொண்டே. "மொதல்ல, அதை உங்க பாடத்துல என்னென்ன பேரு சொல்லிக் கூப்பிடுவீங்கன்னு சொல்லுங்க."